ஆணிச் சிலுவை

ஆணிச் சிலுவை என்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உள்ள தூய மைக்கேல் பேராலயத்தின் சின்னம் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது 1940 நவம்பர் 14 இரவு நடந்த ஜெர்மானிய வான் தாக்குதலில் அப்பேராலயம் எரிந்து அழிந்தது. கூரையிலிருந்து விழுந்த நடுக்கால இரும்பு ஆணிகள் மூன்றை இணைத்து இச்சிலுவை செய்யப்பட்டது. பின்னர் இதே வடிவில் செய்யப்பட்ட சிலுவைகள் கீல், டிரெஸ்டென், பெர்லின் முதலிய நகரங்களின் திருச்சபைகளுக்கு வழங்கப்பட்டன. இன்று பல நாடுகளைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட திருச்சபைகளும் பள்ளிகளும் அமைப்புகளும் இச்சின்னத்தின் பெயரால் இணைந்துள்ளன. பகைவர்களுக்கு இடையே ஒப்புரவை உண்டாக்குவது தம் சாட்சியின் மையம் என இவை கருதுகின்றன. பிரிந்தவர் மீண்டும் உறவு கொள்வதையே தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஒப்புரவு என்பர்.

வடிவம்

முதல் ஆணிச் சிலுவையின் மூன்று ஆணிகளும் கொல்லர் கையால் அடித்துச் செய்யப்பட்டவை. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் தேவாலயக் கூரையின் மரங்களைப் பிணைத்து நின்றவை. தாக்குதல் நடந்து சில நாட்களுக்குள் ஆர்தர் வேல்ஸ் என்ற உள்ளூர்க் குருவானவர் சாம்பலில் கிடந்த ஆணிகளை எடுத்துச் சிலுவையாகச் சேர்த்தார். இதில் பொன்னோ மணியோ உருவமோ எழுத்தோ இல்லை.

இதனைக் கோவென்ட்ரியின் இன்னொரு சின்னமான கரிந்த மரச் சிலுவையுடன் குழப்பிக்கொள்வது உண்டு. இரண்டும் ஒரே இரவின் எச்சங்களே ஆயினும் வேறுவேறானவை. ஜாக் போர்ப்ஸ் என்ற கல்தச்சர், எரிந்து விழுந்த கூரை உத்தரங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று சிலுவைபோல் கிடப்பதைக் கண்டு, அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். அதுவே கரிந்த சிலுவை. இப்போது இடிபாடுகளின் நடுவே நிற்பது அதன் மாற்றுப்படி. மழையிலும் வெயிலிலும் சிதையாதிருக்க மூலச் சிலுவை உள்ளே வைத்துக் காக்கப்படுகிறது. கரிந்த சிலுவை தன் இடத்திலேயே நின்றது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய அளவினதான ஆணிச் சிலுவையோ ஊர் ஊராகப் பயணப்பட்டது. இரண்டின் பிற்கால வரலாறும் வேறுபட்டமைக்கு இந்த எளிய காரணமும் உண்டு எனலாம்.

கிறித்தவச் சின்னங்களில் ஆணி

கிறித்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் சிலுவை பரவலான சின்னமாக இருக்கவில்லை. உரோமைப் பேரரசில் சிலுவை மரணம் அடிமைகளுக்கும் கிளர்ச்சியாளருக்கும் உரிய இழிந்த தண்டனையாகும். தூக்குக் கயிற்றை எவரும் கழுத்தணியாக்கிக் கொள்ளாதது போலவே அக்காலக் கிறித்தவர்களும் சிலுவையை வெளிப்படையாக வரையத் தயங்கினர். அலெக்சாந்திரியா நகர் கிளமெண்டு கி.பி. 200 அளவில், முத்திரை மோதிரங்களுக்கு ஏற்ற உருவங்களாகப் புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். சிலுவை அப்பட்டியலில் இல்லை. சிலுவை மரணத்தைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்று பகடிக்காகக் கீறப்பட்டதாகும். உரோமையின் பலத்தீன் குன்றில் கிடைத்த அச்சுவர்க் கீறலில், கழுதைத் தலையுடன் சிலுவையில் தொங்கும் உருவத்தை ஒருவன் வணங்குவதாகக் காட்டி, அலெக்சாமெனோஸ் என்ற கிறித்தவனை யாரோ கேலி செய்துள்ளனர்.

பேரரசன் கான்சுடன்டைன் கிறித்தவத்தை ஆதரித்த 4ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. சிலுவைத் தண்டனை வழக்கொழிந்தது; சிலுவை வெற்றிச் சின்னமாயிற்று. படைகளின் கொடிகளிலும் அரசர்களின் முடிகளிலும் அது ஏறியது. இழிவின் அடையாளம் அதிகாரத்தின் அடையாளமாக மாறிய இம்மாற்றம் பின்வரும் நூற்றாண்டுகளில் பல சிக்கல்களுக்குக் காரணமாயிற்று.

நான்கு நற்செய்தி நூல்களிலும் சிலுவையில் அறையும் காட்சியில் ஆணி என்ற சொல் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. உயிர்த்தெழுந்தவரின் கைகளில் ஆணித் தழும்புகளைக் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்று தோமா சொல்லுமிடத்தில்தான், அதாவது யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், ஆணி பேசப்படுகிறது. ஆகவே விவிலியத்தில் ஆணி முதலில் ஐயத்துடனும், ஆறியும் மறையாத காயத்துடனும் தொடர்புடையது. ஐரோப்பிய ஓவியங்களில் தொடக்கத்தில் நான்கு ஆணிகள் காட்டப்பட்டன. 13ஆம் நூற்றாண்டு முதல் இரு பாதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே ஆணியால் அறைந்ததாக வரையும் முறை பரவியது. மூன்று ஆணிகள் என்ற மரபு இவ்வாறே நிலைபெற்றது. இயேசு சபையின் முத்திரையிலும் மூன்று ஆணிகள் உள்ளன.

கிறித்துவின் சிலுவையில் அடிக்கப்பட்டவை என்று சொல்லி ஐரோப்பாவின் பல தேவாலயங்கள் ஆணிகளைப் பாதுகாத்து வருகின்றன. அவற்றின் மொத்த எண்ணிக்கை எந்தச் சிலுவைக்கும் தேவையானதைவிட மிக அதிகம். இத்தாலியின் மோன்சாவில் உள்ள இரும்பு முடி என்னும் புகழ்பெற்ற மகுடத்தின் உள்வளையம் அத்தகைய ஆணியால் ஆனது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1993இல் ஆய்வு செய்தபோது அது வெள்ளி எனத் தெரிந்தது. கோவென்ட்ரி ஆணிகளுக்கு இத்தகைய புனிதப் பழமை எதுவும் கோரப்படவில்லை. அவை ஒரு தச்சுவேலையில் எஞ்சியவை. அவற்றின் மதிப்பு அவை எங்கிருந்து வந்தன என்பதைக் காட்டிலும், ஒரு சபை அவற்றைக் கொண்டு என்ன செய்தது என்பதில் உள்ளது.

1940 நவம்பர் 14

கோவென்ட்ரி இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள தொழில் நகரம். மிதிவண்டி, மோட்டார் வாகனம், வானூர்தி எந்திரம், எந்திரக் கருவிகள் ஆகியவற்றின் தயாரிப்பில் பெயர்பெற்றது. போர்க்காலத்தில் இத்தொழிற்சாலைகள் படைக்கலத் தயாரிப்பில் ஈடுபட்டன. இவற்றுள் பல நகரின் நடுவிலேயே, வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையில் அமைந்திருந்தன.

முழுநிலவு இரவு ஒன்றில், ஏறத்தாழ 500 ஜெர்மானியக் குண்டுவீச்சு வானூர்திகள் அலையலையாக வந்தன. நடவடிக்கையின் மறைபெயர் நிலவொளிச் சொனாட்டா. மாலை ஏழு மணிக்குப் பின் தொடங்கிய தாக்குதல் மறுநாள் விடியற்காலை ஆறு மணி வரை, ஏறத்தாழ பதினொரு மணி நேரம், நீடித்தது. வெடிகுண்டுகளும் தீக்குண்டுகளும் மாறி மாறி வீசப்பட்டன. தண்ணீர்க் குழாய்கள் உடைந்தமையால் தீயணைப்புப் படையினரால் பெரும்பாலான இடங்களில் எதுவும் செய்ய இயலவில்லை. 568 பேர் இறந்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் எண்ணிக்கை. இறந்தோரில் பலர் ஒரே நீண்ட குழியில் கூட்டாக அடக்கம் செய்யப்பட்டனர். 4,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஒரு நகரைத் தரைமட்டமாக்குதல் என்ற பொருளில் கோவென்ட்ரீரன் என்ற புதிய வினைச்சொல்லையே நாட்சிப் பரப்புரையாளர் உருவாக்கினர்.

தூய மைக்கேல் தேவாலயம் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் கட்டி முடிக்கப்பட்டது. நெடுங்காலம் பங்குக் கோயிலாக இருந்த அது, 1918இல் கோவென்ட்ரி தனி மறைமாவட்டமானபோது பேராலயமாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் நகரில் இருந்த தூய மரியாள் பேராலயம் எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் மடங்கள் ஒழிக்கப்பட்டபோது இடிக்கப்பட்டது. எனவே இப்போதுள்ள கட்டடம் நகரின் மூன்றாவது பேராலயம் ஆகும்.

தாக்குதல் இரவில் பேராலயக் கூரையில் நால்வர் காவல் இருந்தனர். அவர்களுள் இருவர், புரோவோஸ்ட் எனப்படும் பேராலயத் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹவார்டும் கல்தச்சர் போர்ப்சும் ஆவர். விழுந்த தீக்குண்டுகளை மணல்கொட்டியும் வாளித் தண்ணீர் ஊற்றியும் அணைத்தனர். ஈயத் தகட்டுக் கூரைக்கும் உள்ளிருந்த மரக் கூரைக்கும் இடையில் விழுந்த குண்டுகளை அணைக்க முடியவில்லை. மணலும் நீரும் தீர்ந்தபின், கையில் எடுக்க முடிந்த சில பொருட்களை மட்டும் மீட்டுக்கொண்டு வெளியேறினர். காலையில் வெளிச்சுவர்களும் ஏறத்தாழ 90 மீட்டர் உயரமான கோபுரமும் மட்டும் நின்றன.

இரண்டு சொற்கள்

பேராலயம் மீண்டும் கட்டப்படும் என்ற முடிவு மறுநாளே எடுக்கப்பட்டது. அது பகைவருக்கு விடும் அறைகூவலாக அன்றி, நம்பிக்கையின் அடையாளமாக இருக்கும் என்று ஹவார்ட் கூறினார். ஆறு வாரங்களுக்குப் பின், 1940 கிறித்துமசு நாளன்று, பிபிசி வானொலி இடிபாடுகளிலிருந்து அவரது பேச்சைப் பேரரசு முழுமைக்கும் ஒலிபரப்பியது. கடினமாயினும் பழிவாங்கும் எண்ணத்தை உள்ளத்திலிருந்து விலக்க முயல்வதாகவும், போர் முடிந்தபின் இன்றைய பகைவரோடு சேர்ந்து கனிவான உலகைக் கட்ட வேண்டும் என்றும் அவர் பேசினார்.

இப்பேச்சு நிகழ்ந்த நேரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். போர் முடிய இன்னும் நான்கரை ஆண்டுகள் இருந்தன. பிரித்தானியா வெல்லும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. கோவென்ட்ரி மக்கள் உறவினரைப் புதைத்து ஒரு மாதமே ஆகியிருந்தது; பலர் கூரையற்ற வீடுகளில் இருந்தனர். வென்றவன் தோற்றவனை மன்னிப்பது ஒன்று. வெற்றி தோல்வி தெரியாத நிலையில் அடிபட்டவன் மன்னிப்பைப் பேசுவது வேறு. அக்காலப் பிரித்தானியாவில் பதிலடி கோரும் குரல்களே ஓங்கி ஒலித்தன. பிரித்தானிய வான்படையும் ஜெர்மன் நகரங்கள்மீது தாக்குதலைப் பெருக்கி வந்தது. நகரங்களை முழுமையாகக் குண்டுவீசி அழிப்பதை எதிர்த்து, 1944 பெப்ரவரி 9 அன்று பிரபுக்கள் அவையில் பேசிய சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல்லுக்கும் அப்போது பெரிய ஆதரவு கிடைக்கவில்லை.

போருக்குப் பின், 1948இல், இடிபாட்டின் கிழக்குக் கோடியில் பலிபீடத்துக்குப் பின்னுள்ள சுவரில் ஹவார்ட் இரண்டு சொற்களைப் பொறிக்கச் செய்தார். அவற்றைத் தமிழில் தந்தையே மன்னியும் எனலாம். இது லூக்கா நற்செய்தி 23ஆம் அதிகாரத்தில் இயேசு சிலுவையில் தொங்கியபடி செய்த மன்றாட்டை ஒட்டியது. ஆனால் அங்கே மன்னிக்கப்பட வேண்டியவர்கள் சுட்டப்படுகின்றனர். கோவென்ட்ரிச் சுவரில் அச்சுட்டுச் சொல் விடப்பட்டுள்ளது.

இந்த விடுபாடு தற்செயலானது அன்று. அவர்களை என்று எழுதியிருந்தால் அது ஜெர்மானியரை மட்டும் குற்றவாளிகளாகவும், எழுதியவரைக் குற்றமற்றவராகவும் நிறுத்தியிருக்கும். அச்சொல் இல்லாதபோது, சுவரின்முன் நிற்கும் எவரும் மன்னிப்புக் கோருபவராக ஆகிறார். மனிதர் அனைவரும் பாவத்திற்கு உட்பட்டவர் என்ற கிறித்தவக் கொள்கையின் நேரடி விளைவு இது. அதே வேளையில் இதில் ஒரு நெருடலும் உண்டு. அன்றிரவு குண்டு வீசியவனும் குழந்தையை இழந்த தாயும் ஒரே நிலையில் வைக்கப்படுகிறார்களா என்ற வினா எழவே செய்யும். குற்றத்தின் அளவில் வேறுபாடு இல்லை என்று இந்தச் சொற்கள் கூறுவதாகக் கொள்ளத் தேவையில்லை. அவை நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, மன்றாட்டு. எனினும் பாதிக்கப்பட்டவர் தாமே முன்வந்து சொல்லும்போதுதான் இவ்விளக்கம் பொருந்தும். பிறர் அவர்மீது சுமத்தும்போது பொருந்தாது.

கீல்

வட ஜெர்மனியின் கீல் நகரம் கடற்படைத் தளமாகவும் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் இடமாகவும் இருந்தது. போரில் நேச நாடுகளின் குண்டுவீச்சுக்குப் பலமுறை உள்ளாகிப் பெரும்பகுதி அழிந்தது. 1947இல் ஹவார்ட் அங்கு சென்று ஆணிச் சிலுவை ஒன்றை வழங்கினார். அது தூய நிக்கோலா தேவாலயத்தில் வைக்கப்பட்டது. கீல் மக்கள் தம் இடிந்த தேவாலயத்தின் கல் ஒன்றைக் கோவென்ட்ரிக்குக் கொடுத்தனர். ஒன்றின் இடிபாட்டிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு பொருள் செல்வது என்ற வழக்கம் இங்கிருந்து தொடங்கியது. இரு நகரங்களும் அதே ஆண்டு முதல் நட்புறவு நகரங்களாயின.

இடிபாடும் புதிய பேராலயமும்

புதிய பேராலயத்துக்கான வடிவமைப்புப் போட்டியில் 1951இல் பாசில் ஸ்பென்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வென்றார். 200க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அப்போட்டியில் ஸ்பென்சின் திட்டத்தைத் தனித்துக் காட்டியது, இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டு அதற்குச் செங்குத்தாகப் புதிய கட்டடத்தை இணைக்கும் எண்ணமாகும். இதனால் தேவாலயங்கள் கிழக்கு மேற்காக அமையும் மரபு கைவிடப்பட்டு, புதிய கட்டடம் வடக்கு தெற்காக அமைந்தது. இரண்டாம் எலிசபெத் அரசி 1956 மார்ச் 23 அன்று அடிக்கல் நாட்டினார். 1962 மே 25 அன்று பேராலயம் திருநிலைப்படுத்தப்பட்டது.

புதிய கட்டடத்தின் இடிபாட்டை நோக்கிய முகப்பு முழுவதும் கண்ணாடியால் ஆனது. அதில் ஜான் ஹட்டன் தூயவர்களையும் வானதூதர்களையும் செதுக்கியுள்ளார். உள்ளே வழிபடுவோர் திரும்பினால் அக்கண்ணாடி வழியே பழைய சுவர்கள் தெரியும். எதிர்ப்புறம், கிரகாம் சதர்லாந்து வடிவமைத்துப் பிரான்சில் நெய்யப்பட்ட மாபெரும் திரைச்சீலையில் மாட்சிமை பெற்ற கிறித்து காட்சியளிக்கிறார். திருமுழுக்குத் தொட்டி பெத்லகேம் அருகிலிருந்து கொண்டுவரப்பட்ட பாறை. தலைமைப் பலிபீடத்தில் ஜெப்ரி கிளார்க் செய்த பெரிய சிலுவை உள்ளது. முதல் ஆணிச் சிலுவை அதன் நடுவில் பதிக்கப்பட்டுள்ளது. இத்தனை பெரிய கலைப்படைப்புகளுக்கு நடுவே அது கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத சிறு பொருளாகவே இருக்கிறது.

திறப்பு விழாவை ஒட்டி 1962 மே 30 அன்று பெஞ்சமின் பிரிட்டனின் போர் இரங்கல் இசை இங்கு முதன்முறையாக அரங்கேறியது. இலத்தீன் இரங்கல் வழிபாட்டுடன், முதல் உலகப் போரில் இறந்த வில்பிரெட் ஓவனின் கவிதைகளை இணைத்த படைப்பு அது. ஆங்கிலேயரான பீட்டர் பியர்ஸ், ஜெர்மானியரான டீட்ரிக் பிஷர் டீஸ்காவ், உருசியரான கலீனா விஷ்னேவ்ஸ்கயா ஆகிய மூவரும் பாட வேண்டும் என பிரிட்டன் விரும்பினார். விஷ்னேவ்ஸ்கயா பாடச் சோவியத் அரசு இசைவு தராததால் அவரிடத்தில் ஹெதர் ஹார்ப்பர் பாடினார். பனிப்போர்ச் சூழலில் ஒப்புரவின் எல்லை எங்கு நின்றது என்பதற்கு இது சான்று.

வெள்ளிக்கிழமை மன்றாட்டு

பேராலயத்தின் வழிபாட்டுப் பொறுப்பாளரான ஜோசப் பூல் 1958இல் ஒப்புரவு மன்றாட்டை எழுதினார். வெள்ளிக்கிழமைதோறும் நண்பகலில் இது இடிபாட்டில் சொல்லப்படுகிறது. ஆணிச் சிலுவை பெற்ற பிற இடங்களிலும் அவரவர் மொழியில் அதே நாளில் சொல்லப்படுகிறது. மன்றாட்டு ஏழு பகுதிகளை உடையது. வெறுப்பு, பிறர் உடைமையை அவாவுதல், பேராசை, பொறாமை, அக்கறையின்மை, காமம், செருக்கு ஆகியவை ஒவ்வொன்றாக அறிக்கையிடப்படும். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தினர் தரும் மறுமொழி சுவரில் உள்ள அதே இரண்டு சொற்கள்தாம்.

ஏழு தலையான பாவங்கள் என்ற பழைய பட்டியலை இது பின்பற்றினாலும், ஒவ்வொரு பாவமும் தனிமனித மட்டத்திலிருந்து சமூக மட்டத்துக்கு விரிக்கப்பட்டுள்ளது. சோம்பலின் இடத்தில் சிறைப்பட்டோர், வீடற்றோர், அகதிகள் ஆகியோரைக் கண்டும் காணாதிருக்கும் குற்றம் வைக்கப்பட்டுள்ளது. பேராசை என்னுமிடத்தில் மனித உழைப்பைச் சுரண்டுவதும் நிலத்தைப் பாழாக்குவதும் சேர்கின்றன. எழுதப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இம்மன்றாட்டு பழையதாகத் தோன்றாமைக்கு இவையே காரணம்.

டிரெஸ்டென்

1945 பெப்ரவரி 13, 14 நாட்களில் பிரித்தானிய, அமெரிக்க வானூர்திகள் டிரெஸ்டென் நகரைத் தாக்கின. இறந்தோர் தொகை பற்றி நீண்டகாலம் மிகைப்படுத்திய எண்கள் உலவின. நகராட்சி அமைத்த வரலாற்றாளர் குழு 2010இல் வெளியிட்ட முடிவின்படி 25,000 பேர் வரை இறந்தனர். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிராவன்கிர்ச்சே தேவாலயத்தின் கல் குவிமாடம் வெப்பத்தால் பலமிழந்து பெப்ரவரி 15 அன்று சரிந்தது.

1965இல் கோவென்ட்ரிப் பேராலயம் இளைஞர் குழு ஒன்றை டிரெஸ்டெனுக்கு அனுப்பியது. குண்டுவீச்சில் சிதைந்த திருத்தொண்டர் மருத்துவமனை ஒன்றை மீண்டும் கட்டும் பணியில் அவர்கள் மாதக்கணக்கில் உழைத்தனர். டிரெஸ்டென் அப்போது கிழக்கு ஜெர்மனியில், அதாவது இரும்புத்திரைக்கு அப்பால் இருந்தது. இதற்கு முன்னரே, 1960களின் தொடக்கத்தில், ஜெர்மானிய இளைஞர் குழுவொன்று கோவென்ட்ரிக்கு வந்து பழைய பேராலயத்தின் சிதைந்த அறைகளைப் பன்னாட்டு மையமாக்கும் வேலையைச் செய்திருந்தது. மன்னிப்பு என்பது சொல்லாக நின்றுவிடாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமக்கும் வேலையாக மாறியது இந்நிகழ்வுகளின் சிறப்பு.

பிராவன்கிர்ச்சே நெடுங்காலம் கற்குவியலாகவே விடப்பட்டிருந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்தபின் 1994இல் மீள்கட்டுமானம் தொடங்கியது. அதன் உச்சியில் உள்ள பொன்முலாம் பூசிய சிலுவை பிரித்தானிய மக்களின் நன்கொடையால் செய்யப்பட்டது. அதைச் செய்த இலண்டன் வெள்ளிக்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் தந்தை டிரெஸ்டென் தாக்குதலில் பங்குகொண்ட வானோடிகளுள் ஒருவர். 2005 அக்டோபர் 30 அன்று தேவாலயம் மீண்டும் திருநிலைப்படுத்தப்பட்டது. அவ்வாண்டே அது ஆணிச் சிலுவையையும் பெற்றது.

ஆணிச் சிலுவைக் குழுமம்

ஹவார்டுக்குப் பின் 1958இல் தலைமைக் குருவான பில் வில்லியம்ஸ், சிலுவை பெற்ற இடங்களை ஒரு வலையமைப்பாக்கினார். 1970களில் இது ஆணிச் சிலுவைக் குழுமம் என்ற பெயரில் முறைப்படுத்தப்பட்டது. உறுப்பினர்கள் ஜெர்மனியில் மிகுதி. பெர்லினில் கைசர் வில்கெல்ம் நினைவுத் தேவாலயமும், பெர்லின் சுவர் நின்ற இடத்தில் கட்டப்பட்ட ஒப்புரவுச் சிற்றாலயமும் இச்சிலுவையைப் பெற்றவை. ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு அப்பால் லூத்தரன், கத்தோலிக்கம் முதலிய பிற பிரிவினரும் உள்ளனர். பள்ளிகளுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு.

குழுமத்தின் நோக்கங்கள் மூன்று: வரலாற்றின் காயங்களை ஆற்றுதல், வேற்றுமையோடு வாழப் பழகி அதில் மகிழ்தல், நீதியும் அமைதியும் உள்ள பண்பாட்டைக் கட்டியெழுப்புதல். சிலுவை விலைக்கு வாங்கப்படும் நினைவுப்பொருள் அன்று. தமது ஊரில் யாருக்கும் யாருக்கும் இடையில் பிளவு உள்ளது, அதற்குத் தாம் என்ன செய்து வருகிறோம் என்பதை விண்ணப்பிக்கும் சபை எடுத்துரைக்க வேண்டும். நடுக்கால ஆணிகள் அளவில் குறைந்தவை என்பதால் பிற்காலச் சிலுவைகளுக்கு அதே வடிவில் புதிதாகச் செய்த ஆணிகளே பயன்படுகின்றன. இது பொருளின் பெறுமதியைக் குறைத்ததாகப் பெற்றவர் எவரும் கருதுவதாகத் தெரியவில்லை.

கோவென்ட்ரியில் கேனன் பொறுப்பில் பணியாற்றிய ஜஸ்டின் வெல்பி, பின்னர் 2013 முதல் 2025 சனவரி வரை கேன்டர்பரி பேராயராக இருந்தபோது, பேராயர்கள் வழக்கமாக அணியும் விலைமதிப்புள்ள மார்புச் சிலுவைக்குப் பதிலாக ஆணிச் சிலுவையையே அணிந்தார்.

விவாதத்துக்குரியவை

இச்சின்னம் எப்போதும் ஐயத்துக்கு இடமின்றி நிற்கவில்லை. பிரித்தானியக் கடற்படையின் கோவென்ட்ரி என்னும் போர்க்கப்பலுக்குப் பேராலயம் ஆணிச் சிலுவை ஒன்றைக் கொடுத்திருந்தது. போக்லாந்துப் போரில், 1982 மே 25 அன்று, அர்ஜென்டீன வானூர்திகள் அக்கப்பலை மூழ்கடித்தன. 19 பேர் உயிரிழந்தனர். புதிய பேராலயம் திருநிலைப்படுத்தப்பட்ட நாளின் இருபதாம் ஆண்டு நிறைவு அன்று. மூழ்கிய கப்பலிலிருந்து நீர்மூழ்கு வீரர்கள் சிலுவையை மீட்டனர். பின்னர் அதே பெயருடைய அடுத்த கப்பலில் அது வைக்கப்பட்டது. ஒப்புரவின் சின்னத்துக்குப் போர்க்கப்பலில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. மரணத்தை எதிர்நோக்கிச் செல்லும் மாலுமிகளுக்கே அது மிகவும் தேவை என்று மறுமொழி கூறுவோரும் உண்டு. கான்சுடன்டைன் காலத்தில் சிலுவை படைக்கொடியில் ஏறியபோது தோன்றிய சிக்கலின் தொடர்ச்சியாகவே இதைக் காண வேண்டும்.

ஜெர்மனியின் பொட்ஸ்டாம் நகரில் விவாதம் இன்னும் கடுமையானது. அங்குள்ள படைத்தளத் தேவாலயம் 18ஆம் நூற்றாண்டில் பிரசியப் படைக்காகக் கட்டப்பட்டது. 1933 மார்ச் 21 அன்று இட்லரும் குடியரசுத் தலைவர் இன்டன்பர்க்கும் பங்கேற்ற விழா அங்கு நடந்தது. நாட்சி ஆட்சி தனக்கு மரபுவழி மதிப்பைத் தேடிக்கொண்ட நிகழ்வு அது. 1945 ஏப்ரலில் பிரித்தானியக் குண்டுவீச்சில் கட்டடம் எரிந்தது. எஞ்சியதைக் கிழக்கு ஜெர்மன் அரசு 1968இல் வெடிவைத்துத் தகர்த்தது. மீள்கட்டுமானத்தை முன்னெடுத்தவர்கள் 2004இல் ஆணிச் சிலுவையைப் பெற்றனர். அவ்விடத்தில் எழுந்த சிற்றாலயம் அச்சிலுவையின் பெயரையே தாங்கியது. கோபுரம் 2024இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

படைவெறியின் அடையாளமான கோபுரத்தை மீண்டும் எழுப்பிவிட்டு அதன்மேல் ஒப்புரவுச் சின்னத்தை வைப்பது வரலாற்றை வெள்ளையடிப்பதாகும் என்பது எதிர்ப்போரின் வாதம். அவ்வரலாறு நடந்த இடத்திலேயே அதைக் கற்பிப்பதுதான் காயத்தை ஆற்றும் வழி என்பது ஆதரிப்போரின் வாதம். இரு தரப்பிலும் கிறித்தவர்கள் உள்ளனர். எதிர்ப்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. கோவென்ட்ரியில் சிலுவை இடிபாட்டின் நடுவே, இடிபாட்டை மறைக்காமல் நின்றது. ஸ்பென்சின் கண்ணாடிச் சுவர் அதைப் பார்க்கும்படி செய்தது. பொட்ஸ்டாமில் இடிபாடே எஞ்சவில்லை. ஆகவே அங்கு கண்ணாடிச் சுவரின் வேலையைக் கோபுரத்துக்குள் உள்ள கண்காட்சியும், வெள்ளிக்கிழமைகளில் கூடும் சிறு கூட்டமுமே செய்ய வேண்டியுள்ளது.

கோவென்ட்ரி இடிபாட்டில் ஒருவரையொருவர் தழுவி மண்டியிட்டிருக்கும் இருவரின் வெண்கலச் சிலை ஒன்று உள்ளது. ஜோசபீனா டி வாஸ்கொன்செலோஸ் படைத்த இச்சிலையின் பெயர் ஒப்புரவு. போர் முடிந்து 50 ஆண்டுகள் நிறைவுற்ற 1995இல் அது இங்கு நிறுவப்பட்டது. அதே வார்ப்பின் இன்னொரு படி சப்பானின் இரோசிமா அமைதிப் பூங்காவில் வைக்கப்பட்டுள்ளது. பழைய பேராலயத்துக்குக் கூரை மீண்டும் போடப்படவில்லை. மழை நாளிலும் வெள்ளிக்கிழமை மன்றாட்டுக்கு வருவோர் திறந்தவெளியிலேயே நிற்கின்றனர்.